நான்தாங்க

கோதண்டத்தின் குரலைக் கேட்காதவர்கள் அந்த ஊரில் குறைவு. கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம், ஆடித் தள்ளுபடி என்று எங்கே மைக் வைத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்கிய சிறுமி, சான்றிதழில் இருந்த தன் பெயரைக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று அவரிடமே கேட்டாள். அன்று வீட்டுக்குப் போன பிறகும் அவருக்கு அது மனதை விட்டுப் போகவில்லை.

மறுவாரம் சலோமி டீச்சரைத் தேடிப் போனார். சிறு பிள்ளைகள் தமிழ் படிக்கப் பழகுவதற்கான பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டுவந்தவள் சலோமி. அவருடைய வயதில் பாதிதான் இருக்கும். கடைத்தெருவில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த சிறிய அறையில் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு வேலை செய்தாள்.

"எனக்குக் குரல் இருக்கு, டீச்சர். பாடம் செய்யத் தெரியாது. கத்துக் குடுங்க" என்றார் கோதண்டம்.

சலோமி அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சில மாதங்களில் கோதண்டம் தானே வீடியோ செய்யக் கற்றுக்கொண்டார். திரையில் எழுத்து வரும், பக்கத்தில் படம் வரும், அவருடைய குரல் ராகம் போட்டுச் சொல்லும். ஊரைச் சுற்றியிருந்த ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் அந்த லிங்க்கை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். கம்பெனி பஸ்ஸில்கூட அவர் குரல் கேட்டது.

பாடம் எப்படி இருக்கிறது என்று அவர் சலோமியிடம் கேட்டார்.

"கேட்க நல்லா இருக்கு, சார்" என்றாள்.

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. அவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனகா என்ற பெண் தன் மகள் அனுசியாவைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். மேனகா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். மகள் மூன்றாம் வகுப்பு. பிள்ளைக்கு இன்னும் படிக்க வரவில்லை, வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம். ஒரு தவணை கேட்டுக் கெஞ்சியிருக்கிறாள். பரீட்சை விடுமுறைக்கு முன்னால் தலைமையாசிரியை ஒருமுறை படிக்கச் சொல்லிப் பார்ப்பார் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

"மூளை மந்தம்னு அவ காதுபடவே சொல்றாங்க, சார்" என்றாள் மேனகா. "ஆனா உங்க பாடமெல்லாம் மனப்பாடமா சொல்றா."

கோதண்டம் நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்போனில் பாடத்தைப் போட்டு அனுசியாவின் கையில் கொடுத்தார். பட்டம், படகு, பல்லி என்று அவள் அவருடைய ராகத்திலேயே சொன்னாள். மூச்சு விடும் இடம்கூட அவருடையதாகவே இருந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் பிள்ளையையா மந்தம் என்றார்கள் என்று சலோமியைப் பார்த்தார்.

சலோமி செல்போனை வாங்கிச் சத்தத்தை நிறுத்தினாள். அனுசியா படங்களைப் பார்த்துச் சொன்னாள். ராகம் குறைந்திருந்தது. அடுத்து வந்த படத்தைச் சலோமி கட்டைவிரலால் மறைத்தாள். திரையில் எழுத்து மட்டும் நின்றது.

அனுசியா எழுத்தைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து கோதண்டத்தின் வாயைப் பார்த்தாள்.

"பலூன்" என்றார் கோதண்டம்.

"பலூன்" என்றாள் அனுசியா.

"நீங்க சொல்லிட்டீங்க, சார்" என்றாள் சலோமி.

"பிள்ளை முழிக்குதே, டீச்சர். பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?"

சலோமி செல்போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். தாயும் மகளும் போன பிறகு கோதண்டமே பேச்சை எடுத்தார். தன்னுடைய பாடத்தில் என்ன குறை என்று கேட்டார்.

"நல்லாப் பேசுது. ஆனா யார் பேச்சையும் கேட்க மாட்டேங்குது" என்றாள்.

கோதண்டத்துக்குச் சுருக்கென்றது. சில நாட்கள் அவர் மாடிப்பக்கமே வரவில்லை. ஊரே கொண்டாடும் குரலை ஒரு சின்னப் பெண் குறை சொல்லிவிட்டாளே என்று வீட்டில் புலம்பினார். ஆனால் அனுசியா தன் வாயைப் பார்த்த பார்வை அவரை விடவில்லை. அந்தப் பார்வைக்கு அர்த்தம் இருந்தது. எழுத்து அவர் வாயில்தான் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை நம்பியிருந்தது.

திரும்பி வந்தபோது புதிய பாடம் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் எழுத்துகளின் ஒலியை மட்டும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார். அதன்பின் ஒரு சொல் திரையில் வரும். படம் கிடையாது. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அவர் குரல் அந்தச் சொல்லைச் சொல்லும்.

சலோமி முழுவதையும் பார்த்தாள். "மௌனம் பத்தலை, சார்" என்றாள்.

"இதுக்கே எனக்கு மூச்சு முட்டிப்போச்சு, டீச்சர். மைக் முன்னாடி வாயை மூடிக்கிட்டு உக்காருறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

"எவ்வளவு நேரம் வேணும்னு எனக்கும் தெரியாது. அனுசியாவைக் கேட்டுப் பாப்போம்."

அடுத்த ஞாயிறு மேனகாவோடு வந்த அனுசியாவைச் சலோமி அவர் எதிரில் உட்கார வைத்தாள். செல்போனில் ஒரே ஒரு சொல்லைப் போட்டாள். மணல். மூன்று எழுத்துகளின் ஒலியும் பிள்ளைக்குத் தெரியும். கோதண்டம் பேசக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அனுசியா வழக்கம்போல அவர் வாயைப் பார்த்தாள். அவர் உதடுகளை இறுக்கிக்கொண்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள். சலோமியைப் பார்த்தாள். கீழே பேக்கரியில் யாரோ பன் கேட்டார்கள். மின்விசிறி கடகடத்தது. கோதண்டத்தின் நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்கு வராது, வீணாகச் சோதிக்கிறோம் என்று ஒரு கணம் நினைத்தார்.

அனுசியாவுக்குப் பார்க்க வேறு யாரும் மிச்சமில்லை. குனிந்து திரையைப் பார்த்தாள்.

"ம" என்றாள். விரல் நகர்ந்தது. "ண." நெடுநேரம் அங்கேயே நின்றாள். "ல்."

மறுபடி முதலுக்குப் போனாள். "மண... மணல்."

யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு சொல் தன் வாயிலிருந்து வந்ததை நம்ப முடியாதவளைப் போல எல்லோரையும் பார்த்தாள். பிறகு தானே இன்னொரு முறை சொன்னாள், சத்தமாக. கோதண்டம் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அன்றே பாடத்தை மாற்றினார். சொல் திரையில் நிற்கும். யாராவது திரையைத் தொடும்வரை அவருடைய குரல் வராது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

தொடுவது யார் என்று அவர் கேட்டார். பிள்ளையே தொட்டால் உடனே தொட்டுவிடும்.

சலோமி மேனகாவைப் பார்த்தாள்.

மேனகா தயங்கினாள். தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பிள்ளை தப்பாகப் படித்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள். படிப்பு விஷயத்தில் தன்னால் மகளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்றுதான் அவள் அதுவரை எண்ணியிருந்தாள்.

"சரியான சொல் எதுன்னு போன் சொல்லும். அவ படிக்கிறதைக் கேட்க அதுக்குத் தெரியாது. அதை நீங்க செய்யுங்க" என்றாள் சலோமி. "அவ சொல்லி முடிச்ச பிறகு தொடுங்க."

அன்று முதல் மேனகா வேலையிலிருந்து வந்ததும் மகளோடு வாசற்படியில் உட்கார்ந்தாள். செல்போன் தாயின் கையில் இருந்தது. அனுசியா எழுத்துக் கூட்டுவாள். மேனகா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். சொல் முழுதாக வந்ததும் தொடுவாள். இருவரும் கோதண்டத்தின் குரலுக்காகக் காத்திருப்பார்கள். சரியாக இருந்தால் அனுசியா அம்மாவின் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவாள். தப்பாக இருந்தால் இருவரும் மறுபடி அந்தச் சொல்லுக்குப் போவார்கள். சில நாட்கள் தையல் மெஷினில் குனிந்த கழுத்து நிமிராது. அப்போதும் மேனகா உட்கார்ந்தாள்.

பள்ளிக்குப் போகவேண்டிய நாள் வந்தது. மேனகா கேட்டுக்கொண்டதால் சலோமியும் கோதண்டமும் கூடவே போனார்கள். தலைமையாசிரியையின் அறையில் இடம் போதாமல் வாசலில் நின்றார்கள்.

தலைமையாசிரியை அலமாரியிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார். அனுசியா அதுவரை பார்த்திராத புத்தகம் அது. அவள் மெதுவாகத் தொடங்கினாள். முதல் வரியைக் கடந்தாள். இரண்டாவது வரியில் ஒரு நீளமான சொல்லில் நின்றுவிட்டாள். அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வகுப்பு ஆசிரியை இரக்கப்பட்டு அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தார்.

"இருங்க, டீச்சர்" என்றாள் மேனகா. "அவளே சொல்லுவா."

அந்த அறையில் அதுவரை அவள் கெஞ்சித்தான் பேசியிருக்கிறாள். வகுப்பு ஆசிரியை வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். மேனகா மகளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாசலில் கோதண்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அனுசியா அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்குத் திரும்பிப் போனாள். ஒவ்வொன்றாகக் கூட்டினாள். "வண்ணத்துப்பூச்சி" என்றாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு பக்கம் முடியும்வரை நிற்கவே இல்லை.

தலைமையாசிரியை புத்தகத்தை வாங்கி, பக்கத்தைத் தானும் ஒருமுறை பார்த்தார். பிள்ளை இங்கேயே படிக்கட்டும் என்றார். பிறகு கேட்டார், "எங்க டியூஷன் அனுப்புறீங்க? யாரு படிக்க வச்சது?"

மேனகா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நின்றாள்.

"நான்தாங்க" என்றாள்.

வெளியே வந்ததும் அனுசியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வழியில் இருந்த கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் மேனகா நின்று கேட்டாள்.

சலோமியும் கோதண்டமும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். கோதண்டத்துக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்தியது. பேக்கரி வரும்வரை அடக்கிப் பார்த்தார்.

"டீச்சர், அந்தம்மா நம்ம பேரையே எடுக்கலையே" என்றார்.

சலோமி நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை மாதங்களில் அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்ததில்லை.

"ஆமா, சார். நம்ம நெனப்பே அவங்களுக்கு வரலை. அவ்வளவு நல்லாப் பாடம் செஞ்சிருக்கீங்க."