அட்டவணைக்குள் வராத வரிகள்

ஆலை வேலையை விட்டபின், ஐம்பத்தைந்து வயதில், சந்தானகோபால் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்த மெஹருன்னிசாவுக்கு அவருடைய மகள் வயதுதான். அவர் அவளை ‘டீச்சர்’ என்பார். அவள் அவரை ‘சார்’ என்பாள்.

அந்த ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டது. வகுப்பு நடந்த அறை நிவாரண அலுவலகமாயிற்று. உதவி கேட்டு வந்த செய்திகளைத் தன்னார்வலர்கள் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் வரிவரியாகத் தட்டி வைத்திருந்தார்கள். பெயர், தெரு, எத்தனை பேர், போன் நம்பர். அதை எக்செல் அட்டவணையாக மாற்றும் வேலை சந்தானகோபாலிடம் வந்தது. அட்டவணையின் வரிசைப்படிதான் படகு போகும். இருந்ததோ ஒரே படகு.

மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். முதல்முறையாக அவருடைய புரோகிராம் ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது.

“டீச்சர், ரெடி.”

அவள் வந்து பார்த்தாள். கட்டம் கட்டமாகச் சுத்தமாக இருந்தது.

“ஃபைல்ல இருந்த எல்லா வரியும் இதுல வந்துடுச்சா?”

“கமா போட்டு நாலு விவரமும் இருக்கிறது வந்துடுச்சு. மத்ததைத் தள்ளிடச் சொல்லியிருக்கேன். இல்லேன்னா புரோகிராம் பாதியில நின்னுடுது.”

“தள்ளினதை மட்டும் இன்னொரு ஷீட்ல எடுங்க சார்.”

புரோகிராமைத் திருத்தி மறுபடி ஓட்டினார். ‘வணக்கம்’ என்று ஒரு வரி. ‘டெஸ்ட்’ என்று ஒன்று. பாதியில் அறுந்த செய்திகள் சில. அவற்றின் நடுவே இது: ‘செங்கல் சூளைக்குப் பின்னாடி ஓட்டு வீட்டு மேல யாரோ துணி ஆட்டுறாங்க பாலத்துலேர்ந்து பார்த்தோம்’.

மெஹருன்னிசா படகுக்காரரைப் போனில் கூப்பிட்டு அந்த வரியைப் படித்தாள். “முதல்ல அங்க போங்க” என்றாள்.

சந்தானகோபாலுக்குச் சுருக்கென்றது.

“பேர் இல்லை, நம்பர் இல்லை. எத்தனை பேர்னுகூடத் தெரியலை. முழு விவரம் கொடுத்தவங்க காத்துட்டிருக்காங்க டீச்சர்.”

அவள் தள்ளப்பட்ட மற்ற வரிகளைப் படிக்க ஆரம்பித்தாள்.

படகு இரண்டு பெண்களோடும் ஒரு கைக்குழந்தையோடும் திரும்பியது. சூளை வேலைக்கு வந்த வெளி மாநிலத்துக்காரர்கள், தமிழ் தெரியாது. போன் வெள்ளத்தோடு போயிருந்தது. ஓடுகள் சரிய ஆரம்பித்திருந்தன என்றார் படகுக்காரர். அடுத்த இடத்தைக் கேட்டுக்கொண்டு உடனே கிளம்பிப் போனார்.

சந்தானகோபால் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

“அங்கதான் ஆபத்து அதிகம்னு எப்படி டீச்சர் தெரிஞ்சுது?”

“தெரியாது சார்” என்றாள் அவள். “நம்பர் இருக்கிறவங்க மறுபடியும் கூப்பிடுவாங்க.”