ஓடத்துறைக்கு வந்த மேற்பார்வைக் குழு

கொன்றையூர் மன்னர் திருமேனிராயருக்கு மூன்று தொழில்கள் சொந்தம். உப்பளம், தறிக்கூடம், சேலாற்று ஓடத்துறை. அரண்மனைத் தொழில் என்பதால் அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், அரசர் சொத்தையே சந்தேகப்படுகிறாயா என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஆடி மாதம் ஓடம் ஒன்று நடு ஆற்றில் பிளந்துகொண்டது. அதில் இருந்த பதினேழு பேரும் நீந்தியும், நீந்தத் தெரிந்தவர்களைப் பிடித்துக்கொண்டும் கரைசேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி சட்டிப்பானை விற்கும் பாவாயி. ஈரச் சேலையோடு நேரே சபைக்கு வந்தாள். ஆற்றோடு போன பானைகளைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. புரட்டாசித் திருவிழாவுக்கு ஊரே இந்த ஓடங்களில்தான் அக்கரைக்குப் போகும், அதற்குள் யாராவது இவற்றை ஒருமுறை பார்த்தால் தேவலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மன்னருக்கு உறைத்தது. சபையிலிருந்து ஐந்து பேர் கொண்ட மேற்பார்வைக் குழு வேண்டும், முதலில் ஓடத்துறையைப் பார்க்க வேண்டும் என்றார். குழு எப்படி நடக்க வேண்டும் என்று திட்டம் தீட்டும் வேலையைப் பிரதானி சொக்கப்பரிடம் கொடுத்தார். ஓடத்துறை அதிகாரி குழந்தைவேலு சொக்கப்பருடைய மனைவியின் தம்பி. இது மன்னருக்கும் தெரியும். ஆனால் சபையில் திட்டம் தீட்டத் தெரிந்தவர் சொக்கப்பர் ஒருவர்தான்.

சொக்கப்பர் ஒரு மாதம் உட்கார்ந்து தீட்டினார். திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சபையில் வாசித்தார். குழுவுக்குத் தலைவர் அவரே. என்றைக்கு வருகிறோம் என்று குழு முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும். துறையின் அன்றாட வேலையில் தலையிடக் கூடாது, ஆட்களுக்கு உத்தரவு போடக் கூடாது. அதிகாரி தம் அறிக்கையை வாசித்து முடிக்கும்வரை உறுப்பினர் எவரும் இருக்கையை விட்டு எழக் கூடாது. கடைசி விதிக்குக் காரணம் எல்லோருக்கும் புரிந்தது. எழுந்தால்தானே ஓடத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்ப்பார்கள்.

குழுவின் ஐந்தாவது உறுப்பினன் மருதையன். மன்னருக்குப் பேச்சுத்துணையாகச் சபையில் இருப்பவன், வாய் சும்மா இருக்காது. அவன் ஏதாவது சொல்லுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவனோ, அருமையான திட்டம் என்று பாராட்டிவிட்டு, இருக்கை போடுகிற வேலையை மட்டும் தனக்குக் கொடுங்கள் என்று கேட்டான். இருக்கை போடுவதில் இவன் எதைக் கெடுத்துவிடப் போகிறான் என்று சொக்கப்பர் தாராளமாகக் கொடுத்தார்.

குறித்த நாள் காலையில் மன்னர் படித்துறைக்கு வந்தார். ஊரும் கூடியிருந்தது. ஓடங்களுக்குப் புதுச் சாயம் பூசி மாலை போட்டிருந்தார்கள். எல்லா ஓடமும் கல்லுப்போல இருக்கிறது என்று குழந்தைவேலு மன்னரிடம் கைகட்டிச் சொன்னார். சொக்கப்பர் இருக்கைகளைத் தேடினார். ஆறு இருக்கைகளும் ஓர் ஓடத்துக்குள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன.

"இதென்ன மருதையா?" என்றார் சொக்கப்பர்.

"ஐந்து நமக்கு, ஒன்று அதிகாரிக்கு. ஓடம் கல்லுப்போல இருப்பதாக அவரே சொல்லிவிட்டாரே. உட்காரத் தயக்கம் என்ன?"

மன்னர் பார்த்துக்கொண்டிருந்தார். சொக்கப்பர் ஏறினார். மற்றவர்களும் ஏறினார்கள். ஓடக்காரன் காத்தான் கோலை ஊன்றித் தள்ளினான். ஆற்றின் நடுவே வந்ததும் காத்தான் ஓடத்தை நிறுத்தினான். அறிக்கையை வாசிக்கலாம் என்றான் மருதையன்.

குழந்தைவேலு வாசிக்கத் தொடங்கினார். எல்லா ஓடத்துக்கும் சென்ற ஆண்டுதான் புதுத் தேக்குப் பலகை மாற்றியாயிற்று என்ற இடத்துக்கு வந்தபோது தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. காத்தான் இறைக்கட்டுமா என்று கேட்டான்.

"தண்ணீர் இறைப்பது துறையின் அன்றாட வேலை. நாங்கள் தலையிடக் கூடாது" என்றான் மருதையன்.

சொக்கப்பர் கரைக்குத் திருப்பச் சொன்னார். அது உத்தரவு ஆகிவிடுமே என்று மருதையன் வருத்தப்பட்டான். அவர் எழப் போனார். அறிக்கையில் இன்னும் ஒன்பது ஓலை பாக்கி இருக்கிறது, உட்காருங்கள் என்றான். மற்ற மூன்று உறுப்பினர்களும் கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. குழந்தைவேலு ஓலைகளை ஆற்றில் நழுவவிட்டு, பிரதானியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தான், பலகை மாற்றவே இல்லை. அந்தத் தேக்கில்தான் உங்கள் வீட்டு ஊஞ்சல் செய்து கொடுத்தேன்."

ஆற்றின் மேல் குரல் நன்றாகக் கேட்கும். கரையில் எல்லோருக்கும் கேட்டது.

சொக்கப்பர் அங்கேயே திட்டத்தைத் திருத்தினார். குழு சொல்லாமல் வரலாம், எழுந்து நடக்கலாம், அடிப்பலகையைத் தட்டிப் பார்க்கலாம், உத்தரவும் போடலாம். மருதையன் மடியிலிருந்து ஓலை எடுத்துப் பொறுமையாக எழுதிக்கொண்டு, அவருடைய முத்திரை மோதிரத்தை வாங்கிப் பதித்தான். பிறகுதான் காத்தானை இறைக்கச் சொன்னான்.

அன்று பிற்பகலே ஊஞ்சல் கழற்றப்பட்டது. அரண்மனைத் தேக்குக் கிடங்கும் திறக்கப்பட்டு, ஓடங்களுக்குப் பலகை மாற்றும் வேலை தொடங்கியது. குழு தினமும் சொல்லாமல் போய் நின்றது. தலைவர் நாற்காலியில் சொக்கப்பர் இல்லை. குழந்தைவேலு உப்பளத்தில் உப்பு வாரப் போனார். திருவிழாவுக்குப் போனவர்கள் எல்லோரும் கால் நனையாமல் திரும்பினார்கள். பாவாயியும் புதுப்பானைகளோடு போய், எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

மன்னர் மருதையனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். ஆனாலும் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது.

"ஓடம் மூழ்கியிருந்தால் ஏழு பேர் உயிர் போயிருக்குமே. உனக்குப் பயமாக இல்லையா?"

"மகாராஜா, ஓடம் நின்ற இடம் மணல்திட்டு. எழுந்து நின்றால் இடுப்பளவு தண்ணீர்தான். காத்தானுக்குத் தெரியும், கரையில் நின்ற பிள்ளைகளுக்கும் தெரியும். பதினோரு வருஷமாகத் துறையை ஆண்ட அதிகாரிக்குத்தான் தெரியவில்லை."

மன்னர் சிரித்த சிரிப்பில் சபையின் கடைசி வரிசைவரை திரும்பிப் பார்த்தார்கள்.