கிழிஞ்ச பக்கத்தைத் தேடிப் போனவ

ஒரு ஊர்ல ஒரு ஆவுடையம்மா இருந்தா. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவ. இருநூறு பிள்ளைங்களுக்கு ஒத்தை ஆளா சோறு வடிச்சுப் போட்டுருவா, அப்படி ஒரு கை. ம் கொட்டு பாப்பா, அப்பத்தான் சொல்லுவேன்.

"ம்."

ஆங். அப்புறம் மே மாசம் வந்துச்சு, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாங்க. அவ வீடு தகரக் கூரை. மத்தியானம் ஆனா திகுதிகுன்னு எரியும். அப்போ அவ தெருக்கோடியில இருந்த நூலகத்துக்குப் போனா. படிக்கவா போனா? இல்ல! அங்க ஃபேன் கடகடன்னு ஓடும், அதுக்குக் கீழ உக்காரத்தான்.

நூலகர் பாத்தாரு. "தாராளமா உக்காருங்கம்மா. ஆனா கையில ஒரு புத்தகம் இருக்கணும்"னாரு.

சரின்னு கைக்கு எட்டுனதை எடுத்தா. அஞ்சாவதோட படிப்பை நிறுத்துனவ பாவம், எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள சாயங்காலம் ஆயிருச்சு. ஆனா மறுநாளும் வந்தா. அதுக்கு மறுநாளும் வந்தா. பத்து பதினஞ்சு நாள்ல சரசரன்னு பக்கம் புரட்ட ஆரம்பிச்சுட்டா! அப்புறம் வீட்டுக்கும் எடுத்துட்டுப் போனா. பக்கத்து வீட்டுக்காரி, "என்னக்கா, பரீட்சையா எழுதப் போற?"ன்னு சிரிச்சா. "சும்மாதான் படிக்கிறேன். நல்லா இருக்குடி"ன்னா.

அப்படிப் படிக்கும்போது ஒரு கதை அவளைப் பிடிச்சு இழுத்துருச்சு. அதுல ஒரு பரிசல்காரி. ஆத்துல வெள்ளம் ஹோன்னு போகுது. அக்கரையில அவ மகளுக்குப் பிரசவ வலி. பரிசலைத் தள்ளிக்கிட்டு இறங்குறா. நடு ஆத்துல ஒரு மரம் மிதந்து வந்து தடால்னு மோதுது... அடுத்த பக்கம் இல்ல.

"ஏன்?"

யாரோ கிழிச்சுட்டாங்க. கடைசிப் பத்துப் பக்கமும் போச்சு. ஆவுடையம்மா முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டித் தேடுனா. சோறு இறங்கல. தன் வீட்டுக் கஷ்டத்துக்கு எத்தனையோ தடவை அழுதிருக்கா. இல்லாத ஒருத்திக்காக அன்னைக்குத்தான் முத முதல்ல அழுதா.

நூலகர்கிட்ட ஓடுனா. "பக்கத்து ஊர் நூலகத்துல இன்னொண்ணு இருக்கும்மா"ன்னாரு. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறந்துரும். அப்புறம் அடுப்பு, அண்டா, அவளுக்கு ஏது நேரம்? மறுநாளே கிளம்பிட்டா. போய்ப் பாத்தா பூட்டு! வெள்ளிக்கிழமை விடுமுறையாம், அவசரத்துல அவளுக்கு அது ஞாபகமே இல்ல.

விட்டாளா? சனிக்கிழமை மறுபடி பஸ் ஏறுனா. பாதி வழியில பஸ் டப்புன்னு ஒரு சத்தம் போட்டுச்சு, புஸ்ஸுனு நின்னுபோச்சு. உச்சி வெயில். முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு விறுவிறுன்னு நடந்தா. நெனச்சுப் பாரு பாப்பா, ஒரு பத்துப் பக்கத்துக்காக!

"ம்."

அங்க ஒரு நூலகரம்மா. "அந்தப் புத்தகத்தைத் தையக்காரப் பாத்திமுத்து எடுத்துட்டுப் போயிருக்காங்க. இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கீங்களே... நான் படிச்சிருக்கேன், முடிவைச் சொல்லிரவா?"ன்னாங்க.

ஆவுடையம்மா டக்குன்னு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. "ஐயோ வேணாம்மா! நானே படிக்கணும். வீட்டுக்கு மட்டும் வழி சொல்லுங்க!"

அப்புறம் தேடிக் கண்டுபிடிச்சா. பாத்திமுத்து தையல் மிஷின்ல உக்காந்திருக்காங்க. கால் மிதிக்கவே இல்ல, துணி பாதியில நிக்குது. ஏன்? மிஷின் மேல புத்தகம்! விஷயத்தைச் சொன்னதும் புத்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டாங்க.

"தர மாட்டேன். மரம் இப்பத்தான் மோதுச்சு. நானே நடு ஆத்துல நிக்கிறேன்."

"நானும் அங்கதான் நிக்கிறேன்! மூணு நாளா நிக்கிறேன்!"

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. பாத்திமுத்து சிரிச்சுட்டாங்க. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "வா, இப்படி உக்காரு. சேந்தே படிப்போம்"னாங்க.

முகம் தெரியாத ரெண்டு பேரு, தலையோட தலை முட்ட, ஒரே புத்தகம். பாத்திமுத்து மடமடன்னு படிக்கிறவங்க. முன்னாலயே முடிச்சுருவாங்க. ஆனா பக்கத்தோட ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருப்பாங்க. ஆவுடையம்மா தலையை ஆட்டுன பிறகுதான் புரட்டுவாங்க. அடுத்து என்ன ஆகுமோன்னு அவங்களுக்கும் தவிப்புத்தானே? இருந்தும் காத்திருந்தாங்க பாத்தியா, அதுதாண்டி பெரிய மனசு.

"பரிசல்காரி செத்துட்டாளா?"

இல்லடி கண்ணு. பரிசல் கவுந்துபோச்சு. அவ அந்த மரத்தையே கட்டிப் பிடிச்சுக்கிட்டு, சளக் சளக்குன்னு காலை அடிச்சு அக்கரை ஏறிட்டா. சொட்டச் சொட்ட நனைஞ்ச சேலையோட மக வீட்டு வாசல்ல போய் நிக்கிறா, உள்ள குவா குவான்னு சத்தம்.

அப்போ ரெண்டு பேருக்கும் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. பாத்திமுத்து தைக்க வச்சிருந்த துணியிலேயே மூக்கைத் துடைச்சுட்டாங்க! அப்புறம் புத்தகத்தை மூடல. ஆவுடையம்மா மெதுவாக் கேட்டா, "கடைசிப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை?"

"நானே கேக்கலாம்னு இருந்தேன்"னாங்க பாத்திமுத்து.

அவங்க படிச்சாச்சு, நான் சொல்லியாச்சு. நீ கண்ணை மூடியாச்சா?

"ம்..."