பின்னாலிருந்து கூப்பிட்டவர்

மழை விடாத காலை. மார்த்தாண்டம் பக்கத்தில் பத்மதாஸ் ஆசானின் வர்ம வைத்தியசாலை. ஆசானுக்கு நாற்பது வயது. சீடர் கோலப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அப்படியும் ஒரு குருகுலம் இருந்தது, நம்புங்கள்.

எட்வின் வந்தான். முந்தின நாள் அவன் வேனைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்திருந்தது. அந்தச் சத்தத்தில் குழித்துறை ஆற்று மீனெல்லாம் கரையேறியதாகச் சொல்வார்கள். நான் பார்த்தது ஒரு மீனைத்தான்.

“‘போய்க் காட்டு’ன்னு அம்மைக்க தொல்லை தாங்காம வந்தேன் ஆசானே. எனக்கு ஒண்ணும் இல்ல. இன்னைக்குத் தங்கச்சிக்குக் கல்யாணம். அவளை நான்தான் வேன்ல கொண்டு விடணும்.”

“நீங்க பாருங்க அண்ணே,” என்றார் ஆசான்.

கோலப்பன் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். ரத்தம் இல்லை. வீக்கம் இல்லை. கீறல்கூட இல்லை.

“ஒனக்க மாதா காப்பாத்திட்டா. போயிட்டு வா மக்கா.”

எட்வின் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

“எட்வினே!”

கூப்பிட்டது ஆசான். கோலப்பன் நெஞ்சில் கைவைத்தார். நல்ல காரியத்துக்குப் போகிறவனை முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவதா?

எட்வின் திரும்பினான். கழுத்து திரும்பவில்லை. தோள், இடுப்பு, கால் எல்லாமாகச் சேர்ந்து, வீதி முக்கில் தேர் திரும்புவதுபோலத் திரும்பினான்.

“கழுத்துக்கு என்ன?”

“தலையணை சரியில்ல. காலையிலதான் பிடிச்சிருக்கு.”

“விரலு?”

சாவி எட்வினின் கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை.

ஆசான் இறங்கிப் போய் அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

“ஆடாம அசையாம இரி. ஆம்புலன்ஸைக் கூப்பிடுதேன். பெரிய ஆஸ்பத்திரியில படம் பிடிச்சுப் பாக்கட்டும். இது நான் தொடுற கழுத்து இல்ல.”

“இன்னைக்கா? தங்கச்சி காத்திருப்பா ஆசானே!”

“காத்திருக்கட்டும்.”

வண்டியில் ஏற்றும்போது எட்வின் அழுதான். கண்ணைத் துடைக்கக் கை மேலே வரவில்லை.

வண்டி போன பிறகும் கோலப்பன் மழையிலேயே நின்றார்.

“ஆயிரம் இருந்தாலும், போறவனைப் பின்னால கூப்பிடலாமா? முன்னால போய் நின்னு கேட்டிருக்கலாமே.”

“முன்னால நின்னா அவன் திரும்பவே வேண்டாமே.”

“இல்ல ஆசானே… போனவன் நல்லபடியா திரும்பி வரணும்னுதானே கூப்பிடக்கூடாதுங்காவ?”

ஆசான் சாவியிலிருந்த சேற்றைத் துடைத்தார்.

“திரும்ப முடியாதவன் எப்படி அண்ணே திரும்பி வருவான்?”