பதினான்காவது ஊர்

இந்தக் கதையின் முடிவில் உங்களிடம் ஒரு தீர்ப்புக் கேட்பேன். அதனால் யாருக்கு எது எப்போது தெரிந்திருந்தது என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

தக்கலையில் லீலாபாய் என்பவர் இணையச் சேவைக் கடை வைத்திருந்தார். நூலகர் தேர்வுக்கு விண்ணப்பிக்க அங்கே வந்த பெனிட்டாவுக்கு அப்போது ஏழாம் மாதம். தேர்வு நாளோ பிரசவத் தேதிக்கு இரண்டே வாரம் முன்னால். பக்கத்திலிருக்கும் நாகர்கோவில் மையம் கிடைத்தால்தான் அவளால் போய் எழுத முடியும்.

"நாகர்கோவில்தானே போட்டிருக்கீங்க அக்கா? ஒரு தடவை காட்டுங்க" என்றாள்.

லீலாபாய் திரையைத் திருப்பவில்லை. "மெஷின் போடுது பிள்ளே, தப்பு வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் மெஷின் என்றது, நாகர்கோவில் கேட்பவர்களின் விண்ணப்பத்தைத் தானாக நிரப்ப அஜின் என்ற மென்பொருள்காரர் எழுதிக் கொடுத்த நிரலை. விண்ணப்பத்தில் தேர்வு மையம் என்ற இடத்தை அழுத்தினால் ஊர்ப் பட்டியல் விரியும். அதில் நாகர்கோவில் பதினான்காவது. ஒவ்வொரு ஊருக்கும் மாறாத குறியீட்டு எண் ஒன்றும் உண்டு. அதைத் தேடி எடுக்கச் சோம்பல்பட்டு, 'பதினான்காவதைத் தேர்ந்தெடு' என்றே அஜின் எழுதிவிட்டார். ஆனால் கொடுக்கும்போதே லீலாபாயிடம் சொன்னார்: "இது பேரைப் பார்க்காது, வரிசையைத்தான் பார்க்கும். பட்டியல்ல புதுசா ஏதாவது ஊர் வந்தா, ஓட்டாம எனக்குப் போன் பண்ணுங்க."

பெனிட்டா வந்த அன்று காலையில்தான் தேர்வு வாரிய அதிகாரி சந்தானம் தென்காசியைப் புதிய மையமாகச் சேர்த்திருந்தார். மையங்கள் கூடலாம், குறியீட்டு எண்கள் மட்டும் மாறாது என்று விண்ணப்பம் தொடங்கிய முதல் நாளே அறிவிப்பும் போட்டிருந்தார். தென்காசி நுழைந்ததும் அதற்குக் கீழிருந்த ஊர்களெல்லாம் ஒரு படி இறங்கின. நாகர்கோவில் பதினைந்துக்குப் போக, பதினான்கில் நாகப்பட்டினம் வந்து உட்கார்ந்தது. அன்று முதல் ஆளாக வந்த தென்காசிக்காரருக்கு, அந்தப் புதிய பெயரைத் தேடித் தன் கையாலேயே போட்டுக் கொடுத்தவர் லீலாபாய்.

நுழைவுச் சீட்டு வந்தது. பெனிட்டாவோடு சேர்த்து, அந்தக் கடையில் நாகர்கோவில் கேட்ட பதினொரு பேருக்கு நாகப்பட்டினம். ஒரு பகல் முழுக்கப் பயணம்.

அவள் கடைக்குப் போய்ச் சீட்டை மேசைமேல் வைத்தாள். அஜினை வரவழைத்தாள். வாரியத்துக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

"காட்டச் சொன்னேன்ல அக்கா? திருப்பிக் காட்டியிருந்தா கை தேஞ்சா போயிருக்கும்?"

"அஜின் எழுதினது. எனக்கு என்ன தெரியும்?" என்றார் லீலாபாய்.

"நான் அன்னைக்கே சொன்னேன். வாரியம் நடுவுல பட்டியலை மாத்தினா நான் என்ன செய்ய?" என்றார் அஜின்.

"நாங்க முன்னாடியே அறிவிச்சாச்சு" என்றது சந்தானத்தின் குரல்.

பெனிட்டாவுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள், அவள் உட்காரவில்லை.

"ஆளாளுக்குக் கையைக் கழுவிட்டீங்க. நான் இந்த வயித்தைத் தூக்கிட்டு நாகப்பட்டினம் போகணும். அப்படித்தானே?"

போனில் சந்தானம் பேசினார். "தப்பு யாருடையதோ அவர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அது நானாகவே இருந்தாலும் சரி, போடுறேன். பதினொரு பேருக்கும் மையத்தை மாத்தித் தர்றேன். ஆனா கையெழுத்துப் போட்டவருக்கு இனி வாரியத்தோட எந்த வேலையும் கிடையாது."

பெனிட்டா வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேசை நடுவில் வைத்தாள். யார் கையும் நீளவில்லை.

சொல்லுங்கள், அந்தப் பேனாவை எடுக்க வேண்டியவர் யார்?

விடை: லீலாபாய். சந்தானம் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிட்டார். அஜின் செய்தது சோம்பல் வேலை, ஏச்சு வாங்கத் தகுந்ததுதான். ஆனால் அதன் ஆபத்தை அவர் மறைக்கவில்லை; பட்டியல் மாறியது அவருக்குத் தெரியவும் தெரியாது. நிரல் வரிசையைத்தான் பார்க்கும் என்பதும், வரிசை மாறிவிட்டது என்பதும் ஒருசேரத் தெரிந்திருந்தவர் லீலாபாய் ஒருவரே. கால் மணி நேரம் கழித்து அவரே எழுதிக் கையெழுத்திட்டார். பதினொரு பேரும் நாகர்கோவிலில் தேர்வு எழுதினார்கள். பிறகொரு நாள் சந்தையில் எதிர்ப்பட்டபோது லீலாபாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெனிட்டா நிற்கவில்லை.