தலைக்குப் போன இலை

தன் நிழலை யாராவது மிதித்தாலே பஞ்சாயத்தைக் கூட்டுகிற பண்ணையார் அவர். அவருடைய வேலியோரத்து உசிலை மரத்திலிருந்து இலையை உருவி, காயவைத்து, அரப்புப் பொடியாக்கி, எண்ணெய்த் தலைக்குத் தேய்த்து வாய்க்காலில் குளித்துவிட்டாள் களைவெட்டும் பாவாத்தாள்.

கூடிவிட்டது பஞ்சாயத்து. "என் இலை அத்தனையும் இப்பவே திரும்பி வரணும். இல்லைன்னா ஊரைவிட்டுப் போயிரு!" என்றார் பண்ணையார்.

பாவாத்தாள் பதறவில்லை. "அது எப்பவோ வந்திருச்சுங்க, பண்ணாடி. நான் தலை அலசின தண்ணி உங்க வயலுக்குத்தானுங்க பாயுது. கூடவே என் தலை எண்ணெயும் வந்திருச்சு. அதை மட்டும் திருப்பிக் குடுத்துருங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பண்ணையார் அந்த வழக்கை அங்கேயே தலைமுழுகினார். அதற்கு மட்டும் அரப்பு தேவைப்படவில்லை.