விராலுக்கு மூச்சு முட்டிய நாள்

ஒரு கண்மாயின் ஓரத்தில், கோரைப்புல்லுக்குள், செவ்வாலி என்ற கெண்டை மீன் தன் முந்நூறு குஞ்சுகளோடு குடியிருந்தாள். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தண்ணீர் வற்றி, குஞ்சுகளின் முதுகில் வெயில் சுட ஆரம்பித்தது. இன்னும் இரண்டு நாளில் அங்கே வெறும் சேறுதான் மிஞ்சும்.

நடுக்கண்மாயில் ஆழம் இருந்தது. அங்கே போக ஒரே ஒரு ஓடைதான் வழி. அதன் வாயில் கருவாயன் என்ற விரால் மீன் படுத்திருந்தான்.

கருவாயன் யாரையும் துரத்த மாட்டான். மக்கின கட்டை மாதிரி அசையாமல் கிடப்பான். எதிரே வருகிறவர் அருகில் வந்ததும் ஒரே கவ்வு! அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்திலேயே தின்று தொந்தி வளர்த்தவன் அவன்.

கரையிலிருந்த தவளை செவ்வாலிக்கு யோசனை சொன்னது. குஞ்சுகளை விட்டுவிட்டு அவள் மட்டும் எப்படியாவது தப்பிவிட வேண்டுமாம். அடுத்த மழைக்கு வேறு குஞ்சுகள் பொரித்துக்கொள்ளலாமாம். செவ்வாலி கோபத்தோடு வாலை அடித்துத் திரும்பிக் குஞ்சுகளிடம் போனாள்.

அன்று முழுவதும் அவள் கோரைக்குள்ளிருந்து கருவாயனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வப்போது அவன் மேலே போய், தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டி, மடக்கென்று ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு உடனே இறங்கினான். விரால் சாதிக்குச் செவுள் மட்டும் போதாது, மேல்காற்றும் வேண்டும். ஆனால் அந்த ஒரு மடக்கு நேரத்தில் பத்துக் குஞ்சுகள் கடந்தாலே அதிகம். மீதி எல்லாம் அவன் வயிற்றுக்குத்தான்.

மறுநாள் காலையில் செவ்வாலி குஞ்சுகளை ஓடையோரம் வரிசையாக நிறுத்தினாள். கருவாயன் நுழைய முடியாத கோரை அடர்த்தி அது. அவன் கண்ணில் நன்றாகப் படும்படியே நிறுத்தினாள்.

கருவாயனுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன செவ்வாலி, நான் மூச்சு வாங்கப் போற நேரம் பாத்து நழுவலாம்னு இருக்கியா? இன்னிக்கு நான் மேல போகவே மாட்டேன்!"

"போகாதீங்கண்ணே. நாங்க காத்திருக்கோம். எங்களுக்குத் தண்ணிக்குள்ளயே மூச்சு இருக்கு."

அந்தப் பேச்சு அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு கெண்டைக்கு முன்னால் தோற்பதா? வீம்பாகக் கிடந்தான். வெயில் ஏறியது. அவன் செவுள்கள் படபடத்தன, கண் பிதுங்கியது. செவ்வாலி ஒரு துடுப்பைக்கூட முன்னே வைக்கவில்லை.

கடைசியில் கருவாயன் தாங்க முடியாமல் மேலே பாய்ந்தான்.

"ஓடுங்க பிள்ளைகளா!"

அவன் ஒரு வாய் காற்றை விழுங்கினான். போதவில்லை. இன்னொரு வாய், அதுவும் போதவில்லை. நெஞ்சு அடைத்துப்போனவன் வாயைப் பிளந்தபடி மேலேயே மிதந்தான். அவன் வயிற்றுக்கு அடியில் முந்நூறு குஞ்சுகளும் வெள்ளிப்பொடி கொட்டினாற்போல் பாய்ந்தன. கடைசிக் குஞ்சு கடக்கும்வரை செவ்வாலி நகரவில்லை. பிறகுதான் அவளும் பாய்ந்தாள்.

கருவாயன் மூச்சு வாங்கி இறங்கியபோது ஓடையில் கலங்கின தண்ணீர்தான் இருந்தது. ஆழத்தில் முந்நூறு வால்களும் குதூகலமாக ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை!

எதிரியின் பலத்தைக் கண்டு மிரளாமல், அவனால் எது இல்லாமல் இருக்க முடியாது என்று கண்டுகொள்கிற எளியவரே ஜெயிப்பார்.